லூஷியஸ் டாலிவரின் முடியாத ஸ்வரம்

சிகாகோவின் தெற்குப் பக்கம், நாற்பத்தேழாம் தெருவை ஒட்டிய ஒரு சலவைக் கடையின் நிலவறையில், 1967 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், லூஷியஸ் டாலிவர் ட்ரம்பெட்டில் ஊதிய ஒரு ஸ்வரம் நிற்கவில்லை. அவர் கருவியை வாயிலிருந்து எடுத்து, துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகும் அது அறையின் நடுவே ஆள் உயரத்தில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து லூஷியஸ் மூச்சு இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அந்த வாரம் முட்டை விலை ஏறியிருந்ததால் எங்கள் பகுதியில் இந்த விஷயம் இரண்டாவது பேச்சாகத்தான் இருந்தது.

குழுவில் மூன்று பேர். லூஷியஸ் ட்ரம்பெட், டெல்பர்ட் சாக்ஸஃபோன், வெண்டல் டிரம். டிரம் மட்டுமல்ல, சைக்கிள் மணி, பாத்திர மூடி, குழந்தைகளின் ஊதல், பழைய கார் ஹாரன் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வெண்டல் தட்டுவான். கல்யாண ஊர்வலமும் சவ ஊர்வலமும் ஒரே பாட்டுக்குள் வந்து மோதிக்கொள்ளும். கேட்க வருகிறவர்களைவிட வாசிக்கிறவர்கள் அதிகமாக இருந்த நாட்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு இரண்டு விரதங்கள் இருந்தன. ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசிப்பதில்லை. ஒருவன் எடுத்த வரியை இன்னொருவன் முடிப்பதில்லை. அந்த ஞாயிறன்று லூஷியஸ் ஒரு வரியை முடிக்காமல் அந்தரத்தில் விட்டபோது, மற்ற இருவரும் மரியாதையாகக் கைகட்டிக் காத்திருந்தார்கள். வேறு எந்த வாத்தியக்காரர்களாக இருந்தாலும் சட்டென்று ஒரு முடிவு போட்டுக்கொடுத்து ஆளைக் காப்பாற்றியிருப்பார்கள். இவர்கள் காத்திருந்தே காரியத்தைக் கெடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இதயம் சரியாக இருக்கிறது, நுரையீரல் விடுமுறையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். லூஷியஸ் சாப்பிட்டார், நடந்தார், வேலைக்குப் போனார். பேசத்தான் முடியவில்லை, பேச்சுக்குக் காற்று வேண்டுமே. அவர் மனைவி எர்னஸ்டின் பாப்டிஸ்ட் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். வருடக்கணக்காக அதே பாட்டுகளை அதே மாதிரி வாசிப்பாள் என்று டெல்பர்ட் அவளுக்கு 'அச்சு மெஷின்' என்று பெயர் வைத்திருந்தான். சலவைக் கடைக்காரர் தொந்தரவு தாங்காமல் நிலவறைக் கதவில் மெத்தைகளை அடைத்த அன்று, வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்த லூஷியஸின் உதடுகள் நீலமாயின. சத்தம் அடங்கியதைக் கவனித்த எர்னஸ்டின் கரண்டியோடு தெருவில் ஓடி மெத்தைகளை இழுத்துப் போட்ட பிறகுதான் நிறம் திரும்பியது. ஸ்வரம் இருக்கும்வரைதான் அவர் இருப்பார் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஜனவரியில் அந்தக் கட்டட வரிசையை இடித்துத் தெருவை அகலப்படுத்த நகரசபை முடிவெடுத்தது. இடிக்கும் எந்திரம் தெருமுனைக்கு வந்து பனியில் நின்றது. எர்னஸ்டின் டெல்பர்ட்டின் அறைக் கதவைத் தட்டினாள்.

"நீ அதை சாக்ஸுல வாங்கிக்கிட்டு எங்க வீடுவரைக்கும் கொண்டு வரணும், டெல்பர்ட். மூச்சு விடாம ஊதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்."

"அது லூஷியஸோட வரி, சிஸ்டர். அடுத்தவன் தட்டுல நான் கை வைக்கமாட்டேன்."

"தட்டுக்காரனே போயிடுவான்டா! அப்புறம் யார் தட்டைக் கட்டிக்கிட்டு அழப்போற?"

டெல்பர்ட் சாக்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். "சரி, வர்றேன்" என்றான்.

காலையில் நிலவறைக்குள் இறங்கி ஸ்வரத்தைக் கருவியில் வாங்கிக்கொண்டான். கன்னத்தில் காற்றைத் தேக்கி மூக்கால் இழுத்து, அறுபடாமல் ஊதியபடி படியேறினான். வெண்டல் முன்னால் பனியை ஒதுக்கிப் போனான், லூஷியஸும் எர்னஸ்டினும் பின்னால். பாதி வழி நன்றாகத்தான் போயிற்று. சலூன் வாசலில் நாலு பேர் எட்டிப் பார்த்ததும் டெல்பர்ட்டின் விரல் சும்மா இருக்கவில்லை, சின்னதாக ஒரு சங்கதி போட்டான். போட வேண்டும் என்று போடவில்லை. ஒரு ஸ்வரத்தை வெறுமனே பிடித்துக்கொண்டிருக்க அந்தக் கைகளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சலூனில் கைதட்டினார்கள். பின்னால் லூஷியஸ் பனியில் முழங்கால் மடிந்து விழுந்தார். பதறிப்போன டெல்பர்ட் அதைச் சரிசெய்ய இன்னொரு சங்கதி போட்டான். லூஷியஸின் நகங்களும் நீலமாயின.

"நிறுத்துடா பாவி! என்கிட்ட குடு!"

எர்னஸ்டின் ஸ்வரத்தை வாயை மூடி முனகலாக வாங்கிக்கொண்டாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை, சர்ச்சில் ஜெபத்துக்கு அடியில் ஓடுமே, அந்த மாதிரி நேராக. அவளுக்கு மூச்சு வாங்கிய இடங்களில் வெண்டல் பிடித்துக்கொண்டான்; அவன் குரலில் காட்டுவதற்கு வித்தை எதுவும் இல்லாததால் ஆபத்து வரவில்லை. லூஷியஸை ஆளுக்கொரு தோளில் தாங்கி, முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சமையலறையில் இருந்த பழைய ஃபிரிட்ஜ் ஏறக்குறைய அதே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. ஸ்வரம் தானாக அதற்குள் போய்க் குடியேறியது. எர்னஸ்டின் நாற்காலியில் விழுந்து சத்தம் போட்டு அழுதாள். அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜை யாரும் நகர்த்தவுமில்லை, அணைக்கவுமில்லை. பனிக்கட்டி ஏறினால் ஓடவிட்டே கரண்டியால் சுரண்டினார்கள்.

டெல்பர்ட் அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டான். தெருவுக்கு மேலே ஓடும் எல் ரயிலின் பாலத்தை ஒட்டிய தன் அறையில் உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை ஊத ஆரம்பித்தான். முதலில் விரல்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஊதினான், பிறகு கயிறில்லாமல். வருடங்கள் போயின. ஐரோப்பாவிலிருந்து வந்த இசை விமர்சகர் ஒருவர் அதை இசையின் எதிர்காலம் என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் வந்து அவன் அறையில் கண்மூடி உட்கார்ந்தது. அவன் யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. பயமாக இருந்தது அவனுக்கு, வேறொன்றுமில்லை.

ஒரு ஆகஸ்ட் மாதம், தார் உருகும் வெயிலில், மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கரண்ட் போயிற்று. ஃபிரிட்ஜ் அடங்குவதற்குள் எர்னஸ்டின் ஸ்வரத்தைப் பிடித்தாள், ஆனால் அந்த வாரம் அவளுக்கு இருமல். வெண்டல் அப்போது டெட்ராய்ட்டில் மகள் வீட்டில் இருந்தான். இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே முனகல் அறுந்து அறுந்து வந்தது. லூஷியஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்டது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, டெல்பர்ட் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் சாக்ஸோடு வந்து கதவில் நின்றான்.

எர்னஸ்டின் அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்த இருமல் வந்தது. அவன் வாங்கிக்கொண்டான்.

லூஷியஸ் எதிரே உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்தார். நேரம் போகப் போக வலது கை மோதிர விரல் துடிக்க ஆரம்பித்தது. எர்னஸ்டின் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டெல்பர்ட் கண்ணில் தண்ணீர் வழிய அந்த விரலை அப்படியே வைத்திருந்தான். ஒரு நெளிவு இல்லை, ஒரு சங்கதி இல்லை. தெருவில் வெயில் தாழ்ந்தபோது கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜ் குலுங்கி ஸ்வரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

டெல்பர்ட் சாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நிமிராமல் இருந்தான். லூஷியஸ் மேசையைச் சுற்றி வந்து அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வா, எங்களோட வாசி," என்றாள் எர்னஸ்டின், கரகரத்த தொண்டையில். "நீயும் அச்சு மெஷின் ஆயிட்ட."

அதற்குப் பிறகு டெல்பர்ட் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கே குடிவந்துவிட்டான். இப்போதும் எங்கள் தெருவில் கரண்ட் போனால், அக்கம்பக்கத்தில் மெழுகுவர்த்தி தேடுவார்கள், அவன் சாக்ஸை எடுத்துக்கொண்டு மாடியேறுவான்.