இரண்டு மதிப்பெண்

ஈஸ்வரமூர்த்தியிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வாசலில் நின்றுவிடுவார்.

காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறது எங்கள் பயிற்சி நிலையம். ஆம்புலன்ஸில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து போகிற அவசர மருத்துவ உதவியாளர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. நான் நர்சிங் முடித்து, அவசரப் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, இருபத்தாறு வயதில் இங்கே பயிற்சியாளராகச் சேர்ந்தேன். மிஸ்பா மேடம் வகுப்பு என்றால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதறும். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஈஸ்வரமூர்த்திக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. வெள்ளகோவில்காரர். பத்து வருடம் விசைத்தறி ஓட்டிவிட்டு, தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல், பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த தைரியத்தில் சேர்ந்தவர். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, சட்டையை இன் பண்ணிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். உட்காரச் சொன்னாலும் நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார்.

எங்கள் செய்முறைத் தேர்வு இப்படி நடக்கும். ஒரு காலி அறை. தரையில் ஒரு ரப்பர் பொம்மை, அதுதான் விபத்தில் அடிபட்டவர். மூலையில் நாற்காலி போட்டு, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருப்பார். தாளில் முதல் வரி: சம்பவ இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தல், இரண்டு மதிப்பெண். உதவி செய்யப் போகிறவன் செத்துப்போனால் யாருக்கும் உதவியில்லை என்பதால்தான் அது முதல் வரியாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு மின்விசிறி, ஒரு பொம்மை, கொட்டாவி விடுகிற ஒரு தேர்வாளர். அதனால் பிள்ளைகள் கையுறை போட்ட கையைத் தூக்கி, 'சீன் சேஃப்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவார்கள். தேர்வாளர் காதில் விழுந்தால் இரண்டு மதிப்பெண். நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது ஒரு சமாதானமா என்று தெரியவில்லை.

ஈஸ்வரமூர்த்தி மட்டும் நிஜமாகவே பார்ப்பார். வாசலில் நின்று மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், பிளக் பாயின்ட் எங்கே என்று தேடுவார், ஒரு தடவை மூச்சை இழுத்து மோந்துகூடப் பார்ப்பார். என் கையில் ஓடுகிற கடிகாரம் இருபது நொடியைத் தாண்டியிருக்கும். கொடுத்த ஏழு நிமிடம் முடியும்போது பொம்மையின் தொடை எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருக்க மாட்டார். மாதிரித் தேர்வில் இரண்டு முறை தோற்றார்.

இரண்டாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க ஈஸ்வரமூர்த்தி, வாசல்ல நின்னு என்ன பண்றீங்க? சாமி கும்புடறீங்களா?"

"பாக்கறனுங்க மேடம். எங்கூருல கெணத்துல தூர் எடுக்க எறங்கறக்கு முன்னாடி, வெளக்கப் பத்தவெச்சுக் கயித்துல கட்டி உள்ள உடுவோமுங்க. வெளக்கு அணைஞ்சுபோச்சுன்னா யாரும் எறங்க மாட்டாங்க. அந்தப் பழக்கமுங்க."

"இங்க என்ன கெணறா இருக்குது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் பின்னந்தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"பாக்க வேண்டாமுங்க. சொல்லுங்க, போதும். வாயில சொன்னாத்தான் மார்க்கு. பாத்துட்டே நின்னீங்கன்னா ஃபெயிலுதான்."

"சரிங்க மேடம்."

அன்று மதியம் மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்திக்கொண்டேன். வெளியே போ, கையைத் தூக்கு, சொல்லு, உள்ளே வா. திரும்ப வெளியே போ. தலை லேசாக மேலே திரும்பினாலும் "ம்ஹூம்" என்பேன், அவர் திரும்பப் போவார். முதலில் வாய் சொல்லும், கண் அறையைச் சுற்றும். பிறகு கண் பாதி சுற்றும். முப்பத்திரண்டாவது தடவை அவர் எதையும் பார்க்கவில்லை. சொன்னார், வந்தார், பொம்மையின் பக்கத்தில் மண்டி போட்டார். இரண்டு நொடி. நான் கைதட்டினேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது, ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். நிஜத் தேர்வில் அந்த ஆண்டு அவர்தான் முதல். என் பயிற்சிக் குறிப்பேட்டில் அவர் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ஒவ்வொரு முறையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் இருந்தது. முற்றிலும் நீக்கப்பட்டது.

நீக்கப்பட்டது. எவ்வளவு திருத்தமான கையெழுத்து எனக்கு.

ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. ஊர்ப் பக்கமே வண்டி. ஓட்டுநர் தேவானந்தம், ஐம்பதைத் தொட்டவர், நல்ல மனிதராம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் எனக்குத் தவறாமல் வாழ்த்து அனுப்புவார்.

போன சித்திரையில் ஒரு நாள் நண்பகல், ஓர் எண்ணெய் ஆலையிலிருந்து அழைப்பு. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளி உள்ளே மயங்கிக் கிடக்கிறார். மேலே அவருடைய தம்பி தலையில் அடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருக்கிறார். தொட்டிக்குள் விஷவாயு இருக்கும், தீயணைப்புத் துறை வரும்வரை இறங்கக் கூடாது என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஈஸ்வரமூர்த்தி எழுத்துத் தேர்வில் அதற்குச் சரியான விடை எழுதியிருக்கிறார். ஆனால் அன்று ஏணியில் இறங்கிவிட்டார். நான்காவது படியிலேயே சரிந்துவிட்டார். தேவானந்தம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கி, அவரை இடுப்பைப் பிடித்து மேலே தள்ளிவிட்டிருக்கிறார். மேலே இருந்தவர்கள் ஈஸ்வரமூர்த்தியை இழுத்துக்கொண்டார்கள். தேவானந்தம் வரவில்லை. அந்தத் தொழிலாளியும் பிழைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, விசாரணைக்காக ஈஸ்வரமூர்த்தியின் பயிற்சி ஆவணங்களைக் கேட்டு ஆம்புலன்ஸ் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே நடந்ததன் சுருக்கம். நேரில் பார்த்த ஆலைத் தொழிலாளி ஒருவர் சொன்னது அதில் இருந்தது: 'வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தவர் கையைத் தூக்கி, சீன் சேஃப் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நிற்காமல் இறங்கினார்.' அந்த வரியைத் திரும்பவும் படித்தேன். அது அவருடைய குரல் இல்லை, என்னுடைய குரல்.

எங்கள் நிலையத்தின் முதல்வர் சீனிவாசலு சார் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளம்மா. முதல் வரியிலயே ரெண்டுக்கு ரெண்டு. நாம சொல்லித்தான் குடுத்திருக்கறோம், அந்தாளுதான் கோட்டை உட்டுட்டாரு. இந்தத் தாள மட்டும் அனுப்பிருங்க."

"என் நோட்டுல ஒரு குறிப்பு இருக்குங்க சார்."

"நோட்டெல்லாம் அவங்க கேக்கலியேம்மா."

கேட்கவில்லைதான். தாளை மட்டும் அனுப்பிவிட்டு, குறிப்பேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுமாதம், முறையான பயிற்சி பெற்றிருந்தும் அலட்சியமாக நடந்து சக ஊழியரின் சாவுக்குக் காரணமானார் என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவரே வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு அடங்கவே வெகுநேரம் ஆனது. பாதி இளைத்திருந்தார். நான் உட்காரும்வரை உட்காரவில்லை.

"அந்தக் காத்தக் குடிச்சதுல பழசு நெறைய மறந்துபோச்சுங்க மேடம். டாக்டரு கொஞ்சம் கொஞ்சமா வரும்ங்கறாரு." பேசும்போது இடையிடையே சொல்லைத் தேடினார். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னுதான் வந்தனுங்க."

"கேளுங்க."

"கிருபாவதியக்காவ, அதானுங்க, தேவானந்தண்ணன் ஊட்டுக்காரம்மாவ, போயிப் பாத்தனுங்க. திட்டலீங்க. 'எறங்கறக்கு முன்னாடி ஒருவாட்டி நின்னு பாத்திருக்கப்படாதா கண்ணு'ன்னு மட்டுந்தான் கேட்டாங்க. எனக்குப் பதிலு வரலீங்க." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் எப்பவுமே இப்படித்தான் கண்ண மூடிட்டுப் போறவனுங்களா மேடம்? படிக்கறப்ப என்னையப் பாத்தவங்க நீங்கதான். நின்னு பாக்கற பழக்கமே எனக்கு இருந்ததில்லீங்களா? தெரிஞ்சுதுன்னா அந்தக்காகிட்டச் சொல்லோணுமுங்க. வேற ஒண்ணுக்கும் இல்லீங்க."

அலமாரி எனக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. சாவி என் கைப்பையில். எடுத்துப் பிரித்துக் காட்டியிருந்தால், அந்த மனிதர் அன்று தலை நிமிர்ந்து மாடி இறங்கியிருப்பார். 'உங்களிடம் இருந்தது, நான்தான் பிடுங்கினேன்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவரைத் தவிர யாரும் அங்கே இல்லை. அடுத்த அறையில் புதிய வகுப்புப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். என் வேலையை நினைத்தேன், சீனிவாசலு சாரை நினைத்தேன். எதை நினைத்தேன் என்பதா முக்கியம்.

"வருசத்துக்கு அறுபது பேரு படிக்கறீங்க" என்றேன். "அவ்வளவு ஞாபகமில்லீங்க."

"ஆமாங்க. எப்படி இருக்கும்." உடனே ஒத்துக்கொண்டார். எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்கிற கூச்சம் அந்த முகத்தில். எழுந்து நின்று கைகூப்பினார். "நீங்க எனக்காக அத்தன பாடுபட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்குதுங்க, ஒரு நாளு மத்தியானம் சாப்புடக்கூடப் போகாம எனக்காக நின்னீங்க. உங்க பேரக் கெடுத்துப்போட்டனுங்க மேடம். மன்னிச்சுக்கோணும்."

பயிற்சியாளரின் குரல் தானாக வந்தது.

"பரவாயில்லீங்க. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. போயிட்டு வாங்க."

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு போனார்.