மெதுவாகப் போகிறவனின் வீடியோ

1

இந்தக் கதையை நான் திருடினேன். முழுசாக இல்லை, ஒரு காட்சியை மட்டும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவநேரி கடற்கரைக்கு, அலையைப் படம் பிடிக்கலாம் என்று என் தீப்பெட்டி அளவு கேமராவோடு போயிருந்தேன். (அந்தக் கேமரா எதற்கு என்று என் மனைவி வசுமதி கேட்டாள். இன்னும் கேட்கிறாள்.) கொஞ்சம் தள்ளி ஒரு ஃபைபர் படகின் நிழலில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் அதே மாதிரி குட்டிக் கேமரா. அதன் கண்ணில் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியில் மணல் புகுந்து, கழல மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"உட்டுடு, ஒடஞ்சிடப் போவுது" என்றான் அவன்.

அவள் தலையிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, கண்ணாடியின் விளிம்பில் சுற்றி ஒரு திருகு திருகினாள். வந்துவிட்டது. அவன் அவளைப் பார்த்த பார்வை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர்கள் பெயர்கூடத் தெரியாது. மிச்சமெல்லாம் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: "வங்கக் கடலின் விளிம்பில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி"

இல்லை. அது மண்டை காய்கிற மத்தியானம். பொன்னும் இல்லை, கரமும் இல்லை.

தொடக்கம் இரண்டு: "அரவிந்தன் காற்றைக் கிழித்துக்கொண்டு"

இதுவும் இல்லை. அவன் காற்றுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

தொடக்கம் மூன்று: "மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் அரவிந்தன், செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மெதுவாக பைக் ஓட்டுகிறவன்." இது இருக்கட்டும்.

நாற்பதைத் தாண்ட மாட்டான். திருக்கழுக்குன்றம் ரோட்டில் மீன் கூடை கட்டிய மொபெட் அவனை முந்திக்கொண்டு போகும். பயமெல்லாம் இல்லை, அவனுக்கு வேடிக்கை பார்க்க வேண்டும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, எந்தக் கடைக்குப் புதிதாக போர்டு வைத்திருக்கிறார்கள், இதெல்லாம் பார்க்காமல் போனால் போன மாதிரியே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஓட்டிக்கொண்டு போய், அதைப் படம் பிடித்து யூடியூபில் போடுவான். பார்க்கிறவர்கள் சொற்பம்.

வைஷாலி செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். தாலி கட்டும்போது கொட்டாவி விட்ட மாமனாரை, கண்கலங்கியவராகக் காட்டுவது அவள் தொழில். இரண்டு வருஷமாக இவர்களுக்குள் காதல்.

சாதி, ஜாதகம், சம்பளம் மூன்றும் தற்செயலாகப் பொருந்திவிட்டதால் காதலைச் சொல்லாமலே கல்யாணம் செய்துகொள்ள வழி இருந்தது. நம் பக்கத்தில் இப்படி ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. பையனின் அத்தை, ஏதோ போகிற வழியில் ஞாபகம் வந்தது போல, பெண் வீட்டுக்கு வரன் கொண்டுவருவாள். பெண் ஃபோட்டோவைப் பார்த்து "யாரும்மா இது?" என்று கேட்பாள். பையனும் அப்படியே. பிறகு ஊரறிய பெண் பார்க்கும் படலம், கேசரி, வெட்கம். அரவிந்தனின் அத்தை சாந்தா ஃபோட்டோவை நீட்டியபோது வைஷாலியும் அப்படித்தான் கேட்டாள். நன்றாகவே கேட்டாள் என்று கேள்வி.

3

இந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். திரும்பி வரத்தான் போகிறீர்கள்.

அதன் பெயர் என்.டி. ஃபில்டர். நிறத்தை மாற்றாது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும். இந்தக் குட்டிக் கேமராக்கள் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணைச் சுருக்கத் தெரியாது. உச்சி வெயிலில் அவற்றுக்கு ஒரே வழி, திறந்த கண்ணை உடனே மூடிக்கொள்வது. அதனால் ஒவ்வொரு படமும் துல்லியமாக விழும். புளிய இலையை எண்ணலாம். ஆனால் அவற்றை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் வண்டி போகாது, நொண்டும்.

கறுப்புக் கண்ணாடியைப் போட்டதும் உள்ளே வெளிச்சம் போதாமல், கேமரா கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அதற்குள் மரம் நகர்ந்துவிடுகிறது. படத்தில் மரம் ஒரு இழுப்பாகப் பதிகிறது. இழுப்புகளை வரிசையாக ஓட்டினால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். வேகம் போலவும் தெரியும்.*

* எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று எண் போட்டு விற்கிறார்கள். எண் கூடினால் கறுப்பு கூடும். மத்தியானத்துக்கு முப்பத்திரண்டு சரி. பொழுது சாய்ந்த பிறகும் அதைக் கழற்ற மறந்தால் படம் முழுக்கப் புள்ளியும் மங்கலுமாக வரும். என் அலைப் படங்கள் அப்படித்தான் வந்தன. வசுமதி அதற்கும் ஒன்று சொன்னாள்.

அரவிந்தனின் நொண்டி வீடியோக்களைச் சகிக்க முடியாமல், அவன் பிறந்தநாளுக்கு இந்த ஃபில்டரை வாங்கிக் கொடுத்தது வைஷாலி. கேமராவை ஹெட்லைட்டுக்குக் கீழே, ரோட்டைத் தொடுகிற மாதிரி தாழ்வாக ஒட்டியதும் அவள்தான். தாழ்ந்தால் இன்னும் வேகமாகத் தெரியும். எடிட் செய்ததும் அவளே.

(ஸ்பீடாமீட்டரையும் சேர்த்துப் படம் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிடித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டாமா?)

4

வைஷாலியின் அப்பா பக்தவச்சலம் கம்பெனி பஸ் டிரைவர். படாளத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் மறைமலைநகர் போய் வருகிறவர். பஸ்ஸுக்கும் நடுச்சுவருக்கும் இடையில் பைக்கை நுழைக்கிற பிள்ளைகளை தினமும் பார்க்கிறார். ஒருமுறை ஒருவன் அவர் பஸ்ஸுக்கு முன்னாலேயே சறுக்கி விழுந்தான். இறங்கிப் போய் அவனைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் அன்று முழுக்க பஸ்ஸை உருட்டிக்கொண்டே போனார்.

மாப்பிள்ளையின் பெயரைத் தேடி யாரோ ஒரு சொந்தக்காரர் அந்த ஃபில்டர் வீடியோவை அவருக்கு அனுப்பிவிட்டார்.

"இன்னாம்மா இது, ரோடா ராக்கெட்டா? மரம்லாம் கோடு கோடா பூடுது பாரு" என்று ஃபோனை மனைவி ஜோதிலட்சுமியிடம் நீட்டினார்.

"நல்ல வேலைல கீறான்னு சாந்தா சொன்னாளே."

"கீறான். எத்தினி நாளைக்கு இருப்பான்? அத்த சொல்லு."

வைஷாலி டீ டம்ளரோடு பக்கத்தில்தான் நின்றாள். அது நாற்பதுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் ஃபோட்டோவில் மட்டுமே பார்த்த ஒருவனின் வேகம் அவளுக்கு எப்படித் தெரியும்? டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே சாந்தா ஃபோன் செய்தாள். "அண்ணாத்த, அது கேமராவுல இன்னாமோ கண்ணாடி போட்டு எடுத்ததாம். அதான் அப்டி தெரியுதாம்."

"கண்ணாடி போட்டா வண்டி வேகமா ஓடுமா சாந்தா? அப்ப என் பஸ்ஸுக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்."

அரவிந்தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே ரோட்டில் அதே வேகத்தில் போய் இன்னொரு வீடியோ எடுத்து அனுப்பினான். இலைகள் துடித்தன, வண்டி நொண்டியது, அவன் எவ்வளவு மெதுவான ஆள் என்பது பளிச்சென்று தெரிந்தது. பக்தவச்சலம் கடைசி வரை பார்த்தார்.

"பொண்ணு குடுக்க மாட்டேன்னா எவனும் உருட்டிகினுதான் போவான். லைசென்ஸ் ஆபீசுல எட்டு போட்டுக் காட்றப்போ யாருனா வேகமா ஓட்டுவானா?"

அணுபுரத்திலிருந்து ஜெயக்குமார் என்ற மாப்பிள்ளையின் ஜாதகம் சாமி அலமாரிக்கு வந்து சேர்ந்தது.

ஜெயக்குமாரை ஒரு குடிகாரனாக எழுதிவிட்டால் என் வேலை சுலபம். மனசு வரவில்லை. நல்ல பையன். கார் வைத்திருக்கிறான். அதுதான் வைஷாலிக்குச் சிக்கல். மறுப்பதற்குக் காரணமே இல்லாத மாப்பிள்ளை.

5

முடிவு அ: ஒரு காலை ஜிஎஸ்டி ரோட்டில் பக்தவச்சலத்தின் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு பைக் ஊர்ந்துகொண்டு போகிறது. ஹாரன் அடித்து அடித்து அவர் கை வலிக்கிறது. எட்டிப் பார்த்தால் அரவிந்தன்! அங்கேயே சம்மதம்.

எழுதும்போது சிரித்தேன். மறுநாள் படித்தபோது சிரிப்பு வரவில்லை. தற்செயலுக்கும் ஓர் அளவு உண்டு.

முடிவு ஆ: ஸ்டூடியோ முதலாளி வந்து அவரை உட்கார வைத்து ஃபில்டரைப் பற்றி விளக்குகிறார். அதாவது நீங்கள் மூன்றாம் பகுதியை மறுபடியும் படிக்கிறீர்கள். வேண்டாம்.

முடிவு இ: வைஷாலி சொல்லிவிடுகிறாள்.

இதை நான் எழுதவே இல்லை. அப்பாவிடம் அவள் திட்டு வாங்குவதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நாளாக அவளைச் சமையலறைக்கும் ஸ்டூடியோவுக்கும் அனுப்பி அனுப்பிக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வசுமதி படித்துவிட்டுத் தாள்களை மேஜைமேல் போட்டாள்.

"அவளுக்காக ஆம்பளைங்க எல்லாரும் வீடியோ எடுக்கறீங்க, ஃபோன் பண்றீங்க, விளக்கம் குடுக்கறீங்க. அவ வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சாந்தாவும்தானே ஃபோன் பண்ணா?" என்றேன்.

வசுமதி எழுந்து போனாள். தோற்றுவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. அந்தத் திட்டுக்குப் பயந்தது வைஷாலி அல்ல, நான். எழுதுகிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்தவச்சலம் நாஸ்தாவுக்கு உட்கார்ந்திருந்தார். இட்லி, வடகறி. வைஷாலி லேப்டாப்பைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வீடியோவையும் அருகருகே ஓடவிட்டாள்.

"ரெண்டும் ஒரே வேகம்பா. நாப்பது. நாப்பதத் தாண்ட மாட்டாரு."

"யாரு சொன்னது, சாந்தாவா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் உனக்கு எப்டி தெரியும்?"

"ஸ்டூடியோவுல ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு"

இந்த வரியை அடித்தேன். பொய்.

"பாத்தா தெரியாதாப்பா, அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும்"

இதையும் அடித்தேன். இது நான் பேசுவது.

"பின்னாடி உக்காந்துகினு பாத்தேன்" என்றாள் வைஷாலி. "அந்தக் கண்ணாடிய வாங்கிக் குடுத்ததும் நான்தான். ரெண்டு வருசமா தெரியும்பா எனக்கு அவர."

சமையலறையில் மிக்ஸி நின்றது. ஜோதிலட்சுமி வாசலுக்கு வந்தாள், ஆனால் அதைத் தாண்டி வரவில்லை.

இங்கே பக்தவச்சலம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததாக முதலில் எழுதினேன். பிறகு கத்தியதாக. பிறகு எதுவும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதாக. மூன்றுமே எல்லா அப்பாக்களும் செய்கிறதுதான். இவர் பஸ் டிரைவர். தன் பெண் ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து கடற்கரை வரை போய் வந்திருக்கிறாள் என்று கேட்டதும் அவருக்கு முதலில் என்ன தோன்றும்? பேனாவைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்.

"ஹெல்மெட் போட்டிருந்தியா?"

வைஷாலிக்குப் புரியவில்லை. "ஆங்?"

"ஹெல்மெட்டு. பின்னாடி குந்திகினு போனியே, மண்டைல போட்டிருந்தியா, இல்லியா?"

"போட்டிருந்தேன்பா. வண்டியில எப்பவும் ரெண்டு வெச்சிருப்பாரு."

அவர் வடகறியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கலங்க வைப்பது வைஷாலியின் தொழில், என்னுடையது அல்ல.

"ரெண்டு வருசம்" என்றார். "வூட்ல சொல்லணும்னு உனக்குத் தோணல."

வைஷாலி லேப்டாப்பை மூடினாள். சமாதானம் எதுவும் நான் எழுதப் போவதில்லை. அந்த வருத்தம் நியாயமானது. அது அப்படியே இருக்கட்டும்.

கை கழுவிவிட்டு வந்தார். "வரச் சொல்லு. வண்டியோட வரணும்."

7

அரவிந்தன் வந்தான். சொன்ன நேரத்தைவிடத் தாமதமாக என்று சொல்லத் தேவையில்லை.

பக்தவச்சலம் தான் ஓட்டாத எந்த வண்டியிலும் நிம்மதியாக உட்கார்ந்தவர் அல்ல. கல்யாணத்துக்குப் போகிற வேனில்கூட முன் சீட்டில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பார். இறங்கும்போது முட்டி வலிக்கும். அவர் சாவியைப் பிடுங்கித் தானே ஓட்டுவார் என்றுதான் நான் நினைத்தேன். வைஷாலியும் அப்படித்தான் நினைத்தாள். அவரோ இரண்டாவது ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"போ" என்றார்.

"எங்க மாமா?"

"மாமாவா? அதெல்லாம் அப்புறம். நீ ஓட்டு, பாக்கலாம்."

வண்டி கிளம்பியது. வைஷாலி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோதிலட்சுமி அவளுக்குப் பின்னால். அப்பாவின் முதுகு தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் தெரிந்தது. எதிர்வீட்டுக் கோழி ஒன்று குறுக்கே வர, வண்டி நின்று, கோழி போன பிறகு மறுபடி நகர்ந்தது. அப்பா ஏதோ சொல்கிறார், அரவிந்தன் தலையை ஆட்டுகிறான், என்னவென்று கேட்கவில்லை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்க அவளால் முடியவில்லை. கண்ணைவிட்டு மறைந்தாலாவது அழலாம், சிரிக்கலாம், உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம்.

"இன்னிக்கு ஒரு நாள் கொஞ்சம் முறுக்கித்தான் தொலையேன்டா" என்றாள்.

இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. எனக்குப் பிடித்த முடிவு ஒன்று இருக்கிறது, வசுமதிக்கு வேறொன்று இருக்கிறது, இரண்டையும் சொல்ல மாட்டோம். உங்களுடையதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யோசித்தே எழுதலாம், நிறைய நேரம் இருக்கிறது. அவர்கள் இன்னும் தெருமுனைக்கே போகவில்லை.