அளவு மட்டும் சரி

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் நந்தினி இயந்திர மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள். சிமெண்டுத் தரையின் குளிர் முதுகில் ஏறியது. தலைக்கு மேலே கனத்த இரும்புத் தட்டு. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளை ஒன்று மாற்றி ஒன்று, எதிரும் புதிருமாகத் தளர்த்தினாள். பழைய கிரீஸ் சொட்டிக் கன்னத்தில் விழுந்தது. மேலே சந்திரகலாவும் வல்லரசும் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இழுக்க, தட்டு முனகிக்கொண்டு எழும்பியது. காலை ஷிப்டு வேன் வருவதற்குள் மேசை மறுபடி சுழல வேண்டும். முதலாளி கோதண்டராமனின் உத்தரவு அது.

கீழ்பென்னாத்தூர் சாலையில் இருந்த அந்தத் தொழிற்கூடத்தில் மருத்துவக் கருவிகளுக்கான சிறு உலோக பாகங்கள் தயாராயின. சுழலும் மேசை ஒவ்வொரு பாகத்தையும் ஒரு கருவியின் கீழே கொண்டுபோய் நிறுத்தும். ஒன்று துளைக்கும், அடுத்தது அழுத்தும். மயிரிழை பிசகினாலும் பாகம் குப்பைக்குத்தான் போகும். அவ்வளவு பெரிய மேசை சுழன்றதோ, வளையல் மாதிரி அகன்ற வாயும் ஒல்லி உடம்புமாக இருந்த ஒரு பேரிங்கின் மேல்.

அது தேய்ந்துபோயிருந்தது. மாற்றுவதற்கு வந்த புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே நந்தினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்விட்டம், வெளிவிட்டம் எல்லாம் சரி. வகைதான் தப்பு. அழுத்தும் கருவி ஓர் ஓரத்தில் இடிக்கும்போது தட்டின் மறு ஓரம் தூக்கும். அந்தச் சாய்வைத் தாங்க, உள்ளே உருளும் ஒவ்வொரு இரும்புக் குண்டும் நான்கு இடத்தில் தொட்டு நிற்கும் பேரிங் வேண்டும். வந்திருந்தது நேர்ப் பாரத்துக்கு மட்டுமே ஆன சாதாரண வகை.

கோதண்டராமன் டீ டம்ளரோடு வந்து நின்றார்.

“சார், இது சாய்வு தாங்காது. சீக்கிரமே ஆட்டம் குடுக்கும்.”

“அளவு சரியா இருக்கா இல்லியா?”

“அளவு சரி சார். வகைதான்…”

“அந்த வகை வர மாசக்கணக்காவும். அதுவரைக்கும் மிஷினுக்கு மாலை போட்டு உக்கார வெச்சிடலாமா? மாட்டும்மா.”

மாட்டினாள். மெல்லிய வளையம், சுத்தியல் பட்டால் கோணிவிடும். அதனால் அது உட்காரும் இடத்தைத் துடைத்து, இதமாகச் சூடேற்றி, கையாலேயே இறக்கினாள். தூசி படாமல் கிரீஸ் வைத்தாள். போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். தனக்குத் தெரிந்த பக்குவத்தை எல்லாம் அந்தத் தப்பான பேரிங்குக்குச் செலவழித்தாள். வேன் வந்தபோது மேசை பிசிறில்லாமல் சுழன்றது. கோதண்டராமன் அவளைப் பார்த்துச் சிரித்தார். போன மாதம்தான் அவளை நிரந்தரமாக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்.

சில வாரங்களில் ஆட்டம் தொடங்கியது. தட்டின் விளிம்பில் அளவுமானியை வைத்துச் சுற்றினாள். முள் அங்கும் இங்கும் தாவியது. சொன்னாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் கோதண்டராமன். மறுபடியும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தட்டு சுழலும்போது நடுநடுவே சிக்கி நின்றது. நிறுத்தினால் முதலாளி கத்துவார் என்பதால், சிக்கும்போதெல்லாம் மேசைப் பொறுப்பிலிருந்த வல்லரசு கையால் தள்ளிவிட்டு ஓட்டினான். அதை நந்தினி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் ஊர் திரும்பிய நெரிசலில் பாதிப் பேர் வேலைக்கு வந்து சேரவில்லை. வல்லரசு இரண்டு ஆள் வேலையைச் செய்துகொண்டிருந்தான். தட்டு சிக்கியது. தள்ளினான். அது வெடுக்கென்று விடுபட்டுத் திரும்பியதில் அவனுடைய வலது கை தட்டுக்கும் அழுத்தும் கருவியின் தூணுக்கும் நடுவே நசுங்கியது. நந்தினி ஓடிப்போய் சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

மத்தியானம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார் கோதண்டராமன். வருத்தமாகத்தான் பேசினார். பிறகு நந்தினியின் பக்கம் திரும்பினார்.

“மெயின்டனன்ஸ் பாக்குறது நீ. நீயே சொல்லும்மா. மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லியே? ஓடுற மிஷின்ல கைய விட்டது அவன் தப்புதானே?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ரத்தம் கழுவிய தரையில் இன்னும் ஈரம் காயவில்லை.

“ஆமா சார்” என்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரகலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அன்று யாரும் நந்தினியிடம் பேசவில்லை. கையை எத்தனை முறை கழுவினாலும் கிரீஸ் வாடை போனதாகத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டு வாசலில் வல்லரசின் மனைவி கீர்த்தனா அவளைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான் ஓடிப்போய் மிஷின நிறுத்தினியாம். இல்லன்னா கையே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. உன்ன மறக்கமாட்டேன் நந்தினி.”

அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை. யாராவது ஓங்கி அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வல்லரசுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தான். நந்தினி கட்டிலருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பேரிங் தப்பு என்று தெரிந்தே மாட்டியதை. ஆட்டம் கண்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததை. மத்தியானம் எல்லோர் முன்னாலும் ‘ஆமா’ என்றதை. கேட்டுக்கொண்டிருந்த கீர்த்தனா மெல்ல நகர்ந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

வல்லரசு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நாளைக்கு அந்த எடத்துல இன்னொருத்தன் நிப்பான். எல்லார் முன்னாடியும்தானே பொய் சொன்ன? அங்கியே போய்ச் சொல்லு.”

மறுநாள் விடியற்காலை, வேனிலிருந்து இறங்கியவர்களைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினாள் நந்தினி. யாருடைய கண்ணையும் பார்க்க முடியவில்லை. செருப்புகளைப் பார்த்தே சொல்லி முடித்தாள். ஒருவன் காறித் துப்பினான். அதற்குள் சந்திரகலா முன்னால் வந்துவிட்டாள்.

“அவ ஒருத்தி மேல மட்டும் துப்பாத. வல்லரசு கையால தள்ளி ஓட்டுறத நாம எல்லாரும்தான் பாத்தோம். யாராவது வாயத் தொறந்தோமா? நேத்து அவ பொய் சொன்னப்பவும் நாம ஊமையாத்தான் நின்னோம்.”

அந்த வெட்கம் ஒவ்வொருவர் முகத்திலும் ஏறியது. ஆனால் யாரும் கேட்டுக்குள் நுழையவில்லை.

கோதண்டராமனின் கார் வந்து நின்றது.

“இன்னா கூட்டம்? உள்ள போங்க.”

“சரியான பேரிங் மாட்டுற வரைக்கும் அந்த மேசைய யாரும் தொடமாட்டோம் சார்” என்றாள் சந்திரகலா. “வல்லரசு மேல தப்பில்லன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். அவன் வைத்தியமும் வேலையும் உங்க பொறுப்பு.”

“பேரிங்தான் காரணம்னு எவன் சொன்னான்?”

“நான் சொல்றேன் சார்” என்றாள் நந்தினி. “நான்தான் மாட்டினேன்.”

“நேத்து வேற சொன்ன?”

“நேத்து சொன்னது பொய். அது உங்களுக்கும் தெரியும்.”

“மாட்டினவ நீ. கேஸுன்னு வந்தா மொதல்ல மாட்டப்போறதும் நீதான். புரியுதா?”

“புரியுது சார். வேணான்னு சொன்னதையும் மாட்டுன்னு நீங்க சொன்னதையும் சேத்தே சொல்வேன்.”

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “இப்ப உள்ள வர்றவங்களுக்குத்தான் இனி வேலை. மத்தவங்க அப்படியே வீட்டுக்குப் போலாம்.”

கேட் திறந்தே இருந்தது. ஒரு கால்கூட அசையவில்லை. அவர் மட்டும் உள்ளே போனார்.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் சொல்லப் போவதென்று நின்ற இடத்திலேயே முடிவாயிற்று. அங்கே என்ன கிடைக்கும், நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. சாலையோரமாக வரிசையாக நடந்தார்கள். நந்தினி கடைசியில் தனியாக வந்துகொண்டிருந்தாள். சந்திரகலா நின்று, அவள் வரும்வரை காத்திருந்தாள்.

“நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத” என்றாள்.

“இல்லக்கா.”

“அங்க பேச வேண்டியவ நீ. பின்னால ஒளிஞ்சிக்கினு வந்தா எப்படி? முன்னால வா.”

வரிசை ஒதுங்கி வழிவிட்டது. கன்னங்கள் எரிய, நந்தினி அவர்கள் நடுவே முன்னால் நடந்து போனாள்.