என் பெயரில் ஒரு இத்தாலியக் கார்

எனக்குச் சொந்தமாக ஒரு இத்தாலியக் கார் இருக்கிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில்தான் எனக்குத் தெரிந்தது. ‘டேய் கிரீஷ், ஷ்யாமளா கேட்டா கார் உன்னோடதுன்னு சொல்லு. கால்ல விழறேன்’ என்று வாஞ்சிநாதன் அனுப்பியிருந்தான்.

வாஞ்சி என் ஆபீஸ்காரன். கிச்சனை மாற்றக் காசில்லை என்று மனைவி ஷ்யாமளாவிடம் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறவன். அவன்தான் 1962-ஆம் வருட லான்சியா ஃப்ளமீனியாவை, கூரையை மடித்துவிட்டு வெயிலில் போகிற அந்த அபூர்வ வண்டியை, ரகசியமாக வாங்கியிருந்தான். ‘கிரீஷ் வீட்டு கராஜ்ல இடமில்லையாம், நம்ம வீட்ல நிக்கட்டும்’ என்று அவளிடம் புளுகு வேறு. என் கராஜில் இருப்பது காற்றிறங்கிய ஒரு சைக்கிள்.

பொய் ஒரு மாதம் நன்றாகவே ஓடியது. ஷ்யாமளாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“அடுத்தவங்க வண்டி, பூஜைகூடப் போடாம எங்க வீட்டுல நிக்குது. ஏதாவது ஆச்சுன்னா பழி எங்க மேலதான் வரும். சனிக்கிழமை லிவர்மோர் கோயிலுக்கு வந்துடுங்க கிரீஷ்” என்று போன் பண்ணிவிட்டாள்.

கோயில் பார்க்கிங்கில் வாஞ்சியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குருக்கள் பானெட்டில் சந்தனம் வைக்க வைக்க, தன் பல்லைப் பிடுங்குவதுபோல் நெளிந்தான். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை.

“ஓனர் யாரு? பேரு, கோத்திரம், நட்சத்திரம்?”

“கிரீஷ், பாரத்வாஜ கோத்திரம், சித்திரை” என்றேன். சொல்லும்போதே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. குருக்கள் எனக்கு ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வரியம் எல்லாம் வேண்டிவிட்டு, டயர்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“ஓனர் ஏறிக்கோங்கோ. மெதுவா நசுக்கிண்டு போங்கோ.”

ஷ்யாமளா சாவியை என்னிடம் நீட்டினாள். நான் கதவில் கை வைத்ததுதான் தாமதம்.

“தொடாதடா!” வாஞ்சி பாய்ந்து வந்தான். “சாமி, தப்பு! வாஞ்சிநாதன், ஹரித கோத்திரம், சுவாதி! மாத்திச் சொல்லுங்க, எல்லாப் பலனும் இவனுக்குப் போயிடும்!”

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன்.

ஷ்யாமளா கத்தவில்லை. “என் பேரையும் சேத்துக்கோங்க, ஷ்யாமளா, ரோகிணி” என்றாள். பூஜை முடியும்வரை கண்ணை மூடி நின்றாள். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னிடமிருந்து சாவியை வாங்கி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரில் இருந்தபோது திருச்சியில் அம்பாசடர் ஓட்டிப் பழகியவள். நாலு எலுமிச்சையும் நசுங்கின. வண்டி கேட்டைத் தாண்டி, வலதுபக்கம் திரும்பி, போயே போய்விட்டது. “கியரை மெதுவா மாத்து!” என்று கத்திக்கொண்டே வாஞ்சி கொஞ்ச தூரம் ஓடினான். அப்போதுதான் எனக்குப் பாவமாக இருந்தது.

உள்ளே போயிருந்த குருக்கள் பிரசாதத்தோடு திரும்பி வந்தார். “ஓனர் எங்கே?”

வாஞ்சி மூச்சிரைக்க ரோட்டைக் காட்டினான்.

“இப்பதான் கெளம்பிப் போறாங்க சாமி.”