பெரிய எழுத்துக் காய்கள்

கைக்குப் பூசும் களிம்பைக் கணவர் யோஷிரோவின் பழைய கண்ணாடியில் நடுவாக அப்பி, அதை மாட்டிக்கொண்டுதான் ஃபுமியே ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் காய்களைப் பார்த்தாள். பொன், வெள்ளி என்று எழுதிய காய்கள் ஒன்றுபோலவே தெரிந்தன. இத்தனை நாளாக யோஷிரோ இப்படித்தான் ஆடியிருக்கிறார். அவர் கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது.

"ஒவ்வொரு காயையும் தொட்டு இது என்னடான்னு கேட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? இந்த மாசத்தோட பலகையை மூட்டை கட்டிடறேன்" என்று அவர் சொன்னது அவளுக்குப் பொறுக்கவில்லை. தெந்தோ ஊரில் முப்பது வருடம் கடைப்பலகை எழுதிய கை அவளுடையது. புதுக் காய்களில் தானே எழுத உட்கார்ந்து, காய்க்கு இரண்டு எழுத்து என்பதை ஒன்றாக்கினாள். சுழிப்பையெல்லாம் வெட்டி எறிந்தாள். வெள்ளி என்ற எழுத்தில் பொன்னைப் போலிருக்கும் இடப்பாதியை ஒடுக்கி, வலப்பாதியைக் கொழுக்க வைத்தாள். எதிரி எல்லைக்குள் போனால் திருப்பி வைக்கும் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. பதினோரு நாள் சோறு தீய்ந்தது, யோஷிரோ வாயே திறக்கவில்லை.

அந்தக் காலத்தில் இவரும் நண்பர் கன்னோவும் காயை ஓங்கி அறையும் சத்தத்தில் அடுத்த அறையில் தூங்கும் குழந்தை மிகா வீறிட்டு எழுவாள். ஃபுமியே கரண்டியோடு வந்து இருவரையும் கிழிப்பாள். இப்போது அந்தச் சத்தம் இல்லாத வீடு அவளுக்கு யார் வீடோ போலிருந்தது.

சனிக்கிழமை மதியம் கன்னோ வந்தார். புதுக் காய்களைப் பார்த்து, "தங்கச்சி, இது காயா, கடை போர்டா?" என்று சிரித்தார். ஆட்டம் தொடங்கியது. யோஷிரோ ஒரு முறைகூட எதையும் கேட்கவில்லை. அவள் சமையலறையில் முள்ளங்கி ஊறுகாயை நறுக்கியபடி அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

கன்னோ ஒரு சிப்பாயை நகர்த்தியதும், திடீரென்று யோஷிரோ சொன்னார்: "என் தேர் சும்மா நிக்குது. ஏன்டா வெட்டல?"

"கவனிக்கலடா."

"இந்த எழுத்தையா? பஸ்ல போறவன்கூடப் படிப்பானே!"

கன்னோ டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா விட்டுக்குடுக்கற?"

"முந்தின வருஷம் செர்ரி பூத்ததுலேர்ந்து."

காலண்டரில் யோஷிரோ தன் வெற்றிகளுக்குப் போட்டிருந்த வட்டங்களை ஃபுமியே பார்த்தாள். தான் எழுதிய எழுத்தே கன்னோவைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று நறுக்குவதை நிறுத்தினாள்.

"என் மேல பரிதாபமா?"

"உன் மேல என்னடா பரிதாபம்? தோத்தா உர்ருன்னு அப்பவே என்னை விரட்டிடுவ. ஜெயிச்சா இருட்டற வரைக்கும் பேசுவ. என் பொண்டாட்டி போனதுக்கப்புறம் எனக்கு வீட்ல யாருடா இருக்கா?"

யோஷிரோ, கன்னோ நகர்த்திய சிப்பாயை எடுத்துப் பழைய கட்டத்திலேயே வைத்தார்.

"வெட்டு. தோத்தாலும் சாப்பிட்டுத்தான் போற."

பட்டென்று ஒரு அறை. தேர் போயிற்று. பதிலுக்கு யோஷிரோ அறைந்ததில் டீக் கோப்பை துள்ளியது.

"மெதுவா வைங்க, குழந்தை முழிச்சுக்கும்!" என்று கத்தியபடி கரண்டியோடு அறை வாசலுக்கே வந்துவிட்டாள் ஃபுமியே. மிகா நாகோயாவில் இருக்கிறாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

இரண்டு கிழவர்களும் கையைத் தூக்கியபடியே நின்றுபோனார்கள். பிறகு கன்னோ இரண்டு விரலால் காயைப் பிடித்து, சத்தமே வராமல் பலகையில் வைத்தார்.