மதிலோரத்து வெண்கதிர்

மண்ணூர் ரகுபதிக்கு அந்த ஒரு போகம்தான் கெடு. "இந்த தபா வெளைஞ்சா நெலத்த விக்க வேணாம். வெளையலன்னா கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்து போட்டுடணும், இன்னா?" என்று தம்பி தசரதன் கறாராகச் சொல்லிவிட்டான். பாகம் பிரிக்காத நிலம். தம்பியோ பக்கத்துக் கம்பெனியிலேயே கேட் செக்யூரிட்டி.

அந்த நேரம் பார்த்துத்தான் வேல்விழி வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பெண். பூச்சியின் போக்குவரத்தைத் தெரிந்துகொண்டால் கண்டபடி விஷம் தெளிக்காமலே பயிரைக் காப்பாற்றலாம் என்று ஆராய்ச்சி செய்கிறவள். வயல் நடுவே ஒரு விளக்கை நட்டு, அடியில் தண்ணீர்ச் சட்டி வைத்தாள். வெளிச்சத்துக்கு வரும் குருத்துப்பூச்சி அதில் விழும்; அது வைக்கும் முட்டையிலிருந்து வரும் புழுதான் நெல்லின் தண்டைக் குடைவது.

"சட்டியில நெறைய விழுந்தா மட்டும் மருந்தடிச்சாப் போதும் அண்ணாச்சி," என்றாள். ரகுபதி மருந்து டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டான்.

முதலில் சட்டியில் பூச்சி விழுந்துகொண்டுதான் இருந்தது. பயிர் தூர் கட்டும் நேரத்தில் கம்பெனிக்காரன் வயலை ஒட்டிய தன் மதில் மேல் வரிசையாகப் பெரிய பெரிய விளக்குகளைப் போட்டான். அப்புறம் சட்டி காலி. தினம் காலையில் எட்டிப் பார்ப்பதே ரகுபதிக்குத் திருவிழாவாகிவிட்டது.

"எங்க லைட்டாண்ட பூச்சி செத்துக் கெடக்குதுண்ணா. கூடை கூடையா வாரிக் கொட்டிகினு கீறோம்," என்றான் தசரதன்.

"அப்படிப் போடு! உன் கம்பெனி கரெண்ட்டுல என் பூச்சி சாவுதுடா!" ரகுபதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வேல்விழியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பாவி மக்கள், அந்த மதிலோரம் வரை ஒரு நடை போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதிர் வந்தது. மதிலோரம் தொடங்கி வயலில் பாதிக்கு மேல் வெள்ளை வெளேரென்று நின்றது. வேல்விழி ஒரு கதிரை இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு மணி இல்லை.

"லைட்டுக்கு வந்ததெல்லாம் சாகல அண்ணாச்சி. மிச்சமெல்லாம் கீழ இருக்க பயிர்லயே முட்டை வச்சிருக்கு. பூச்சி அங்க போனதாலதான் நம்ம சட்டி காலியா கெடந்திருக்கு. நான் போயிப் பாத்திருக்கணும்." அவள் அழுதுவிட்டாள்.

"பாத்திருக்கணுமா? வாயில நல்லா வருது. உன்ன நம்புனேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்!"

தசரதன் வண்டியோடு வரப்போரம் நின்றிருந்தான். குத்திக்காட்டவில்லை. "வாண்ணா, ரிஜிஸ்தர் ஆபீஸ் மூடிடப் போறான்," என்றான்.

ரகுபதி பின்னால் ஏறி உட்கார்ந்தான். வேல்விழி ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, அந்த லைட்ட மட்டும் வேற பக்கம் திருப்பச் சொல்லிட்டா அடுத்த போகம் தப்பிச்சிரும். இப்ப எனக்கு வெளங்கிருச்சு."

"வெளங்கிடுச்சா? ரொம்ப சந்தோஷம். அடுத்த போகம் இங்க சிமெண்ட் தரைம்மா. அதுல எந்தப் பூச்சியும் முட்டை வைக்காது."

வண்டி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஏறியது.