செவ்வாய்க்கிழமைக் கேமரா

உமாமகேஸ்வரியின் கேமராவில் செவ்வாய்க்கிழமைகள் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

மற்ற நாட்களில் போலீஸ்காரியான அவர் எடுத்த காட்சிகள் எல்லாம் சர்வரில் ஒழுங்காக இருந்தன. திங்கள் அவருக்கு வார ஓய்வு. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கேமராவை மார்பில் மாட்டிக்கொண்டு ரோந்து போவார். மாலையில் திரும்பி வந்து டாக்கில் செருகுவார். டாக் என்பது எட்டுக் கேமராக்கள் வரிசையாக உட்காரும் ஒரு பெட்டி. கேமராவுக்குச் சார்ஜ் ஏற்றும், காட்சிகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும், அனுப்பி முடிந்ததும் கேமராவைக் காலி செய்துவிட்டு நீல விளக்கைக் காட்டும். செவ்வாய்க்கிழமைகளிலும் நீல விளக்கு எரிந்தது. ஆனால் புதன்கிழமை போய்த் தேடினால் சர்வரில் ஒன்றும் இருக்காது.

மே மாதத்தில் இப்படி நான்கு செவ்வாய்கள் போயின. முதல் மூன்று யாருக்கும் தேவைப்படவில்லை. நான்காவது தேவைப்பட்டது.

அன்று காலை எட்டே முக்காலுக்கு, போலீஸ் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் குடிசைப் பகுதியில் தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்த உமா போயிருந்தார். தள்ளுமுள்ளில் பவுனு என்ற பெண் விழுந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். வலது மணிக்கட்டு ஒடிந்தது. போலீஸ்காரிதான் தள்ளினாள் என்று புகார் கொடுத்தார். தான் தள்ளவில்லை என்றார் உமா. சரி, கேமராவைப் பார்க்கலாம் என்றார்கள். கேமராவில் அந்தச் செவ்வாயே இல்லை. தள்ளியதாகச் சொல்லப்பட்டதை விட, காட்சியை அழித்துவிட்டார் என்பது பெரிய குற்றமாகிப் போனது. அடுத்த செவ்வாய் பதினொரு மணிக்கு விசாரணை.

இந்தக் கேமராக்களைப் பராமரிக்கும் கம்பெனியில் நான் இன்ஜினியர். வியாழக்கிழமை, கேமராக்கள் திரும்பிவிடும் மாலை நேரமாகப் பார்த்து, தலைநகரின் துவாரகா பகுதியிலிருந்து மெட்ரோ பிடித்துப் போய் டாக்கின் தொடுமுனைகளைத் துடைத்தேன். வெள்ளிக்கிழமை மாலை மறுபடி போய்க் கேபிளை மாற்றினேன், கேமராவை வேறு துளையில் வைத்துப் பார்த்தேன். சர்வரில் அந்தச் செவ்வாயின் தேதியைப் போட்டு மூன்று முறை தேடினேன். எல்லாம் சரியாகவே வேலை செய்தது. எதுவும் கிடைக்கவில்லை. மாலையிலும் வெளியே நாற்பது டிகிரி வெக்கை.

திங்கட்கிழமை மூன்றாம் முறையாக, இந்தத் தடவை பகலில், போனபோது உமா சுடிதாரில் வந்து ரெக்கார்ட் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு உங்களுக்கு ஆஃப் இல்ல, மேடம்?”

“வீட்ல இருந்தா மட்டும் தூக்கம் வருதா சார்? எங்கம்மா, ‘கரோல் பாக்ல செல்போன் ரிப்பேர் பண்றவன்கிட்ட காட்டேண்டி’ங்குது. அவன் ஐந்நூறு ரூபாய்ல எடுத்துக் குடுத்துடுவானாம். உங்க கம்பெனியில எவ்ளோ குடுக்கறாங்க?”

“அவ்ளோ குடுக்கறதில்ல” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “பவுனக்காவ எனக்கு நாலு வருஷமா தெரியும். பொய் சொல்ற ஆளில்ல. அதுவே நான் தள்ளினேங்குது. யோசிச்சு யோசிச்சு இப்போ எனக்கே டவுட்டா இருக்கு. ஒருவேளை தள்ளிட்டேனோ?”

உள்ளே ரெக்கார்ட் எழுதும் மாதவ், ஏர் கூலருக்கு நேராக மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பஞ்சாயத்து முழுவதும் அவருக்குச் சலித்துவிட்டது. “ஆயியே டாக்டர் சாப், வாருங்கள்” என்று ஹிந்தியில் ஆரம்பித்தார். “நாடி பார்த்துப் பார்த்து நோயாளியே செத்துவிடப் போகிறான்.”

டாக்கில் ஏழு துளைகள் காலி. எட்டாவதில் உமாவின் கேமரா மட்டும் இருந்தது. மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நாளில் அவர்கள் கேமரா இன்னொருவர் சட்டைக்குப் போய்விடும். உமாவுடையதன் கிளிப் பெண்களுக்கான அங்கியில் மாட்டுவது. அந்த நிலையத்தில் பகல் ரோந்துக்குப் போகும் பெண் அவர் ஒருவர்தான். அதனால் திங்கள் முழுக்க அது டாக்கிலேயே இருக்கும்.

அந்தக் கேமராவில் ஒரு பச்சைப் புள்ளி மூன்று விநாடிக்கு ஒருமுறை மின்னியது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்கில் இருக்கும் கேமரா தூங்க வேண்டும், மின்னக் கூடாது. மின்னினால் அது விழித்திருக்கிறது, யாரோ தன்னை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டாக்கின் மேல் கையை வைத்தேன். எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் பெட்டி ஜில்லென்று இருந்தது. அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மேசைக்குப் பின்னால் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் கூலரின் பிளக் இருந்தது.

“மாதவ் ஜி, இதை யார் பிடுங்கியது?”

“நான்தான். தினமும் ஒன்பதரைக்குப் பிடுங்குவேன். கேமரா எல்லாம் வெளியே போய்விடுகிறது, காலிப் பெட்டிக்கு எதற்குக் கரண்ட்? போகும்போது, ஆறு மணிக்கு, மறக்காமல் திரும்பச் செருகிவிடுவேன். ஒரு நாள் கூடத் தவறியதில்லை, கேட்டுப் பாருங்கள்.”

“கூலர் எப்போதிலிருந்து?”

“மே ஒன்று.”

உமா எழுந்து வந்துவிட்டார். “ஏ மாதவ் அண்ணா!” என்று ஹிந்தியில் ஆரம்பித்தவரைக் கையமர்த்தினேன். மீதியை எனக்கு நானே சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்கிலிருந்து மின்சாரம் வருவது நின்றால், தன்னை வெளியே எடுத்துவிட்டதாகக் கேமரா எண்ணிக்கொள்ளும். உடனே விழித்து, பட்டனை அழுத்தப் போகிறார்கள் என்று காத்திருக்கும். ரோந்தில் வேலையில்லாதபோது அதை அணைத்து வைப்பார்கள்; இங்கே அணைக்க ஆளில்லாமல் திங்கள் காலை ஒன்பதரையிலிருந்து அப்படியே காத்திருந்து, சாயங்காலத்துக்குள் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிடும். அதன் கடிகாரமும் அதே பேட்டரியில்தான் ஓடுகிறது. ஆறு மணிக்கு மாதவ் பிளக்கைச் செருகுவார். டாக் உயிர் பெற்றதும் உள்ளே இருக்கும் கேமராவை ஒரு முறை கூப்பிட்டுச் சரியான நேரத்தைச் சொல்லும். ஒரே ஒரு முறைதான். செத்துக் கிடக்கும் கேமரா பதில் சொல்லாது. டாக் விட்டுவிட்டுச் சார்ஜ் மட்டும் ஏற்றும். சில விநாடிகளில் கேமராவுக்கு உயிர் வரும். நேரம் சொல்ல ஆளில்லாததால், தொழிற்சாலையில் வைத்த தேதியிலிருந்து அது எண்ணத் தொடங்கும். அந்தத் தேதி 2018 ஜனவரி ஒன்று, பூஜ்யம் மணி.

செவ்வாய் முழுக்க உமா 2018-இல் ரோந்து போயிருக்கிறார். மாலையில் காட்சிகள் அந்தத் தேதியோடு சர்வருக்குப் போயின. செருகும்போது டாக் கேமராவுக்கு நேரத்தையும் சொல்லிவிடும், அதனால் புதனிலிருந்து எல்லாம் சரி. முப்பது நாளுக்கு மேல் பழையவற்றைச் சர்வர் தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெருக்கித் தள்ளும். ஏழெட்டு வருஷப் பழசு என்றால் கேட்கவே வேண்டாம்.

“அப்போ போயே போச்சா?” என்றார் உமா.

“பெருக்கினதும் கொட்டிடாது. ஏழு நாள் ஒரு மூலையில வெச்சிருக்கும். நான் அங்கயும் தேடினேன். ஆனா போன செவ்வாய்த் தேதியப் போட்டுத் தேடினேன்.”

லேப்டாப்பைத் திறந்து, அந்த மூலையில் 2018 ஜனவரி ஒன்று என்று போட்டேன். ஆறு காட்சிகள் வரிசையாக வந்து நின்றன. புதன் விடிந்திருந்தால் அவையும் போயிருக்கும்.

எதைத் திறப்பது என்று கணக்குப் போட்டேன். போன வாரத் திங்களன்று மின்சாரம் திரும்பியது மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு என்று டாக்கின் குறிப்பில் இருந்தது. அங்கிருந்து மறுநாள் எட்டே முக்கால் வரை பதினாலு மணி நாற்பது நிமிடம். 14:38-இல் தொடங்கும் காட்சி ஒன்று இருந்தது.

டேங்கரின் பச்சைத் தகரம். குடங்கள். கூச்சல். தண்ணீர் வேகத்தில் ரப்பர் குழாய் துள்ளி, பவுனுவின் காலில் அடித்தது. அவர் சாயும்போது திரையின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு காக்கிக் கை நீண்டு அவர் புஜத்தைப் பிடித்தது. ஈரத்தில் பிடி வழுக்கியது. அவர் விழுந்தார்.

உமா அதை மறுபடி போடச் சொன்னார். பிறகு மறுபடியும்.

“என் கைதான்” என்றார். “அக்காவுக்குக் கை பட்டது மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.”

மறுநாள் விசாரணையில், 2018-இல் எடுத்ததாகச் சொல்லும் காட்சியை எப்படி நம்புவது என்று அதிகாரி கேட்டார். கூலர், பிளக், பதினாலு மணி நாற்பது நிமிடம் எல்லாவற்றையும் இரண்டு முறை விளக்கினேன். இரண்டாம் முறை தாளில் படம் போட்டதும் அவருக்குப் பிடிபட்டது. அழித்த குற்றச்சாட்டு நீங்கியது. கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த பவுனு, காட்சியை இரண்டு முறை பார்த்தார்.

“தள்ளலதான்” என்றார். உமாவைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா புடிச்சவ நல்லாத்தான் புடிச்சிருக்கக் கூடாதா? ஆறு வாரம் சட்டி தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு.”

உமா பவுனுவின் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் கூடப் போனார்.

நான் ரெக்கார்ட் ரூமுக்குத் திரும்பினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டாக்குக்குச் சுவரில் தனி பிளக் பாயிண்ட் வைத்து, மேலே உலோக மூடி போட்டுப் பூட்டியாயிற்று. கூலர் பழைய பாயிண்ட்டிலேயே ஓடுகிறது. காட்சிகளின் வயதை, அவை சர்வருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணும்படி மாற்றிவிட்டேன். இனி ஓய்வு முடிந்து வருகிறவர் கேமராவை வெளியே எடுத்து, மறுபடி செருகி, நீல விளக்கு எரிந்த பிறகே மாட்டிக்கொள்ள வேண்டும். அப்போது டாக் அதற்குச் சரியான நேரத்தைச் சொல்லிவிடும்.